கவர் கத்தி கடைந்தவர்

என் சகலையைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரியும். இதைச் சொல்ல எனக்கு வெட்கமே கிடையாது. என் மனைவியின் தங்கையைக் கட்டியவன். என்னைவிடச் சின்னவன். அவன் போடுகிற வெள்ளைச் சட்டையில் ஒரு தூசி இருக்காது. நான் ராஜகீழ்ப்பாக்கத்தில் மெயின் ரோட்டை ஒட்டி மரக் கடைசல் பட்டறை வைத்திருந்தேன். என் தலையை எங்கே தட்டினாலும் மரத்தூள் கொட்டும். பெருங்களத்தூரில் மாமனார் வீட்டுக்குத் தீபாவளிக்குப் போனால் அவனுக்கு நாற்காலி போடுவார்கள். எனக்கும் போடுவார்கள், ஆனால் முதலில் அதன்மேல் ஒரு பழைய துண்டை விரிப்பார்கள். தலைக்குக் குளித்துப் புது வேட்டி கட்டிக்கொண்டு போனாலும் துண்டு விரிப்பார்கள்.

எண்பதுகளில் அந்தப் பக்கமெல்லாம் வயலை மனையாக்கி வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். மாடிப்படிக்குக் கம்பம், கட்டில் கால், சப்பாத்திக் கட்டை என்று எனக்கு வேலைக்குக் குறைவில்லை. ஒருநாள் ஈட்டி மரத்தில் கையளவு துண்டு ஒன்று மிஞ்சியது. எறிய மனசு வரவில்லை. மெஷினில் மாட்டி ஒரு பாதியைக் கைப்பிடியாகக் கடைந்தேன். மறுபாதியை ஈர்க்குச்சி போல நுனி சிறுக்கக் கடைந்து, கீழே இறக்கி, இரண்டு பக்கமும் தட்டையாகச் சீவி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். கத்தி மாதிரி வந்தது. கத்தரிக்காய்கூட அரிய முடியாது. தபால் உறையைக் கிழிக்கலாம், அவ்வளவுதான். எங்கள் வீட்டுக்கு யார் கடிதம் போடுகிறார்கள்? பட்டறை மேஜையில் அது சும்மா கிடந்தது.

சகலை அதைப் பார்த்தான். அவனுக்கு வேலை, ஜி.எஸ்.டி. ரோடு நெடுக இருந்த கம்பெனிகளுக்குப் புது வருஷத்து டைரியும் காலண்டரும் ஆர்டர் பிடிப்பது.

"அண்ணா, இத நான் எடுத்துக்கினு போறேன். மேனேஜருங்க டேபிள்ல வெச்சா சும்மா அள்ளிகினு போவும்."

"அது இன்னாத்துக்கு? துண்டு மரம்."

"உங்களுக்குத் துண்டு மரம்ணா. அவங்களுக்கு லெட்டர் ஓப்பனர்."

பட்டறையில் நாங்கள் அதைக் கவர் கத்தி என்றுதான் சொன்னோம். அந்த வருஷம் கொஞ்சம் கேட்டான். அடுத்த வருஷம் மழைக்காலம் முழுவதும் நான் வேறு வேலை எடுக்கவில்லை, கவர் கத்தியே கடைந்தேன். டைரியோடு ஒரு கத்தியையும் சேர்த்து டப்பாவில் போட்டு அவன் கம்பெனிகளில் கொடுத்தான். எனக்குச் சேர வேண்டியதை ஒழுங்காகக் கொடுத்துவிடுவான், அதில் குற்றம் சொல்ல முடியாது. குற்றம் சொல்ல ஏதாவது கிடைக்காதா என்று நான் தேடியதுண்டு.

மாமனார் வீட்டில் அவனைத் தலையில் தூக்கி வைத்து ஆடினார்கள். "சின்ன மாப்ள கை பட்டா போதும், எதுவும் வெலபோவுது" என்று மாமியார் எதிர்வீட்டுக்குக் கேட்கிற மாதிரி சொன்னார். அவன் கை பட்டதாம்! உளி கிழித்த கட்டைவிரலில் துணி சுற்றிக்கொண்டு நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன், துண்டின் மேல். என் மனைவியும் தலையாட்டினாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. அந்தக் கத்தியைக் கையில் பிடித்த யாராவது ஒருவர் என் முகத்தைப் பார்த்து, "இதை நீயா கடைந்தாய், நன்றாக இருக்கிறதப்பா" என்று சொல்ல வேண்டும். கட்டில் காலைப் பார்த்து யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள், நானும் எதிர்பார்த்ததில்லை. இந்தக் கத்தி அப்படியில்லை. சகலை வரும்போதெல்லாம் பிடித்துக்கொள்வேன்.

"இன்னா சொன்னாங்க?"

"சூப்பர்னாங்கண்ணா."

"எத சூப்பர்னாங்க? கைப்பிடியவா, கத்தியவா?"

"மொத்தமாத்தான்ணா."

"மொத்தமான்னா? கைல புடிச்சுப் பாத்தாங்களா?"

"அண்ணா, எனக்கு டைம் ஆவுது" என்று ஸ்கூட்டரை உதைத்துவிடுவான். பெரிய கலெக்டர், டைம் ஆகிறதாம்.

ஒருநாள் கொழுந்தியாள் பேச்சுவாக்கில், குரோம்பேட்டையில் ஒரு கம்பெனி மேனேஜர் எங்கள் கத்தியை நான்கு பேரிடம் காட்டிக் காட்டி மகிழ்ந்து போகிறாராம் என்று சொல்லிவிட்டாள். எந்தக் கம்பெனி என்றும் சொன்னாள். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. புதிதாக மூன்று கத்தி கடைந்து மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு, கல்யாணத்துக்குப் போடுகிற சட்டையை மாட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். சகலைக்குச் சொல்லவில்லை. அவன் மட்டும்தான் விற்பானா, எனக்கு வாய் இல்லையா?

மேனேஜர் நல்ல மாதிரி மனிதர். உட்காரச் சொன்னார், டீ கொண்டுவரச் சொன்னார். அவர் மேஜைமேல் பேனா ஸ்டாண்டில் என் கத்தி ஒன்று நின்றது. நான் பெற்ற பிள்ளையை எனக்குத் தெரியாதா? வாயெல்லாம் பல்லாக என் மூன்று கத்திகளையும் எடுத்து அவர் முன்னால் வைத்தேன்.

அவர் ஒன்றை எடுத்துப் புரட்டிப் பார்த்தார். பிறகு ஸ்டாண்டிலிருந்து தன்னுடையதை உருவி அதன் பக்கத்தில் வைத்தார்.

"இதப் பாருங்க. இதைச் செஞ்சவருக்கு ரெண்டு கண்ணும் தெரியாது. வெறும் டச்லயே கடையறார். பிடிச்சுப் பாருங்க, கைக்குள்ள உயிரோட இருக்கற மாதிரி இல்ல? உங்களுக்குக் கண்ணு நல்லா இருக்கு. ஆனா இந்த ஃபினிஷ் வரலையே. உங்களுது... தப்பா நினைக்காதீங்க, வெறும் கட்டையா இருக்கு."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. நான்கும் ஒரே கை. இன்னும் சொன்னால், பையில் கொண்டுபோனவைதான் நன்றாக வந்தவை. பேனா ஸ்டாண்டில் இருந்தது அவசரத்தில் கடைந்தது, கழுத்துப் பக்கம் கொஞ்சம் பருமன் தங்கிவிட்டது.

"சார், அதுவும் நான் கடைஞ்சதுதான் சார்" என்றேன்.

அவர் முகம் மாறிவிட்டது. "ஏங்க, ஒரு பார்வையில்லாதவர் கஷ்டப்பட்டுச் செய்யறார். அவர் பேரைப் போய்த் திருடறீங்களே, வெக்கமா இல்ல?"

அதற்குள் டீ வந்துவிட்டது. அதைத் தொடாமல் எழுந்து வந்தேன் என்று எழுத ஆசைதான். குடித்துவிட்டுத்தான் வந்தேன். நல்ல டீ.

பஸ்ஸில் திரும்பி வரும்போது என் வயிற்றெரிச்சல் இடம் மாறிவிட்டது. சகலை போகட்டும், அவன் வாயால் பிழைக்கிறவன். யார் இந்த ஆள்? என் கையை எடுத்துக்கொண்டு, என் கத்தியை எடுத்துக்கொண்டு, நான் கேட்க ஏங்கிய பாராட்டை எல்லாம் உட்கார்ந்த இடத்தில் வாங்கிக்கொள்கிறானே! அவன் கடைந்தால் உயிர், நான் கடைந்தால் கட்டை. இல்லாத மனுஷன்மேல் பொறாமைப்படுகிறோமே என்று ஒரு நிமிஷம் தோன்றியது. தோன்றி என்ன, எரிச்சல் அடங்கவில்லை.

நேராகச் சிட்லபாக்கத்தில் சகலை வீட்டுக்குப் போனேன். என் மனைவியும் அன்றைக்குத் தங்கை வீட்டில் இருந்தாள். அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"யாருடா அந்தக் கண்ணு தெரியாத ஆளு?"

பிசைந்த சோறு கையிலேயே நின்றது. "அண்ணா, நான் பொய் சொல்லலண்ணா. அவரா நெனச்சுக்கினாரு."

"எப்டிடா அவரா நெனப்பாரு?"

"மொதல்ல உண்மையத்தான் சொன்னேன். எங்க சகலை கடையறாரு சார், ராஜகீழ்ப்பாக்கத்துல பட்டறை வெச்சிகிறாருன்னு. ஒருத்தன் தொட்டுக்கூடப் பாக்கலண்ணா. அடுத்த மாசம் வாங்கன்னுட்டான். இந்த மேனேஜர் கொஞ்சம் பேச்சு குடுத்தாரு. நீங்க கண்ண மூடிக்கினு தடவித் தடவிப் பாப்பீங்களே, அதச் சொன்னேன். கண்ணால பாக்காம கையாலயே பாப்பாரு சார்னேன். 'அடடா, பார்வை கிடையாதா'ன்னு அவர் கண்ணு கலங்கிடுச்சு. இல்ல சார்னு சொல்ல எனக்கு வாய் வரல. டைரி ஆர்டரும் சேத்துக் குடுத்தாரு. அப்பறம் மத்த எடத்துலயும் அதையே..."

கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பது உண்மைதான். கடைசல் வேலையில் கடைசியாகக் கண்ணை நம்பக் கூடாது. மெழுகு போட்டதும் மரம் மினுக்க ஆரம்பித்துவிடும், மேடுபள்ளத்தை மினுக்கு மறைத்துவிடும். கண்ணை மூடிக் கட்டைவிரலை ஓட்டினால்தான் தெரியும். இதில் என்ன அதிசயம்? எல்லாக் கடைசல்காரனும் செய்வதுதான்.

என்னைச் சுட்டது அதுவல்ல. உண்மையைச் சொன்னபோது ஒருத்தரும் தொட்டுப் பார்க்கவில்லை என்றானே, அதுதான். என் மனைவி பக்கம் திரும்பினேன். அவள் முகத்தைப் பார்த்ததுமே விளங்கிவிட்டது.

"உனக்குத் தெரியுமா?"

"தங்கச்சி சொன்னா."

"ஏன்டி எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீ இன்னா செய்வ? இப்டித்தான் கத்திகினு கெடப்ப. கத்தி வெலபோவுதுல்ல, வுடு."

விட முடியுமா? அதற்குப் பிறகு மெஷின் முன்னால் நிற்கும்போதெல்லாம் பக்கத்தில் ஒருவன் நிற்பது மாதிரியே இருந்தது. ஒரு கத்தி நன்றாக வந்தால் அவனுக்குப் போகிறது. ஒன்று கெட்டால் எனக்கு. வேண்டுமென்றே மட்டமாகக் கடைந்து அனுப்பி அவன் மானத்தை வாங்கலாமா என்றுகூட யோசித்தேன். கை கேட்கவில்லை. சனியன் பிடித்த கை, அவனுக்காக முன்னைவிட நன்றாகக் கடைந்தது.

அப்புறம் ஒருநாள் பட்டறை வாசலில் ஒரு வெள்ளைக் கார் வந்து நின்றது. முன் சீட்டில் சகலை, முகமெல்லாம் வேர்வை. பின்னாலிருந்து அதே மேனேஜர் இறங்கினார். புது வருஷ விழாவில் அந்தக் கலைஞருக்குப் பொன்னாடை போர்த்த வேண்டும், நேரில் பார்த்து அழைக்காமல் விட மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்து அவனை வண்டியில் ஏற்றிக் கூட்டி வந்துவிட்டிருக்கிறார்.

என்னைப் பார்த்ததும் அவருக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. "நீங்க அன்னிக்கு வந்தவர்தானே?"

சகலை முந்திக்கொண்டான். "சார், இவர் பட்டறைலதான் சார் அவர் கடையறது. இவர்தான் எடம் குடுத்துகிறாரு."

மேனேஜர் இரண்டு கையையும் கூப்பிவிட்டார். "மன்னிச்சிடுங்க. அவரைக் காப்பாத்தறவர்னு தெரியாம ஏதோ பேசிட்டேன். நம்ம பட்டறையில செஞ்சதுங்கற அர்த்தத்துலதான் சொல்லியிருக்கீங்க. எங்க இருக்கார் அவர்?"

அந்த நிமிஷம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மெஷினில் ஒரு கத்தி பாதி கடைந்தபடி மாட்டியிருந்தது. ஸ்விட்சைப் போட்டு, அவர் கண்ணெதிரே மீதியைக் கடைந்து கையில் கொடுத்திருக்கலாம். மறுக்க முடியாத சாட்சி. நான் ஏங்கிய வார்த்தையை அங்கேயே வாங்கியிருக்கலாம். ஆனால் டைரி, காலண்டர், எல்லா ஆர்டரும் அதோடு போய்விடும். ஊர் முழுக்க சகலையைப் புளுகன் என்பார்கள். பட்டறைக்குப் பின்னால்தான் எங்கள் வீடு. என் மனைவி கதவைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தாள். தங்கை குடும்பத்தைத் தெருவில் நிறுத்திவிடாதே என்று அந்தப் பார்வை சொன்னது.

மேனேஜர் விடவில்லை. "என்ன மாதிரி கை சார் அவருக்கு! எங்க ஆபீஸ்ல எல்லாரும் சொல்றாங்க, தெய்வம் கண்ணை எடுத்துக்கிட்டு..."

இன்னொரு வார்த்தை அவனைப் பற்றிக் கேட்டால் எனக்கு வெடித்துவிடும் போலிருந்தது.

"அவர் செத்துப் போய்ட்டார் சார்" என்றேன்.

சகலை தூணைப் பிடித்துக்கொண்டான். எனக்கு அப்பாடா என்றிருந்தது. தொலைந்தான்! இனி அவனைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள், கத்தியும் நானும்தான் மிச்சம் என்று நினைத்தேன். புத்தி எனக்கு அவ்வளவுதான் ஓடியது.

மேனேஜர் அங்கே கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எப்படி, எப்போது என்று கேட்டார். காய்ச்சல் என்றேன். காரியம் எல்லாம் முடிந்ததா என்று கேட்டார். முடிந்தது என்றேன். கிளம்பும்போது, பாதி கடைந்தபடி மெஷினில் இருந்த கத்தியைக் காட்டி, "இது அவர் விட்டுட்டுப் போனதா?" என்றார். அதைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுக் காரில் ஏறினார்.

கார் போனதும் என் மனைவி வெளியே வந்தாள். "ஏன்யா, அநியாயமா ஒருத்தர சாவடிச்சிட்டியே."

"இருந்தாத்தானடி சாவடிக்கறதுக்கு!"

"இருந்தாலும்" என்றாள்.

விஷயம் அதோடு முடியவில்லை. பொன்னாடை போர்த்த வைத்திருந்த விழாவை மேனேஜர் இரங்கல் கூட்டமாக மாற்றிவிட்டார். நான் வந்து அவரைப் பற்றி இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்று சகலையிடம் சொல்லி அனுப்பினார். அவன் வந்து என் காலைப் பிடிக்காத குறை. என் மனைவி தானும் வருகிறேன் என்று கிளம்பிவிட்டாள். ஒரு பட்டுப் புடவையை எடுத்து, துக்கத்துக்கு இது வேண்டாம் என்று தானே சொல்லிக்கொண்டு, மறுபடி மடித்து வைத்துவிட்டு நூல் புடவை கட்டிக்கொண்டாள்.

கம்பெனி ஹாலில் வரிசையாக நாற்காலி. எனக்கு முன்வரிசையில் போட்டிருந்தார்கள். துண்டு எதுவும் விரிக்கவில்லை. மேடையில் போட்டோ இல்லை. அவருக்குப் போட்டோ எடுத்துக்கொள்வது பிடிக்காது என்று சகலை சொல்லிவைத்திருக்கிறான். அதற்குப் பதிலாக ஒரு மேஜைமேல் பேனா ஸ்டாண்டில் என் கத்தியை நிறுத்தி, மல்லிகைச் சரத்தைச் சுற்றி, ஊதுவத்தி ஏற்றியிருந்தார்கள். எல்லோரும் எழுந்து மௌனமாக நின்றார்கள். நானும் நின்றேன், எனக்கு நானே.

பிறகு என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். நல்ல மனுஷன், பாவம், போய்ட்டார் என்று சொல்லி இறங்கிவிடத்தான் நினைத்திருந்தேன். மைக் முன்னால் போய் நின்றதும், இத்தனை வருஷம் யார் வாயிலிருந்தாவது வரும் என்று காத்திருந்ததெல்லாம் என் வாயிலிருந்தே வந்தது.

"அவர் கடையறத நீங்க பாத்திருக்கணும்" என்றேன். "கத்தி பக்கம் மெலிசாவ மெலிசாவ மரம் ஒதறும். அடங்காது. ஒடிஞ்சுடும். அவர் எடது உள்ளங்கைய மரத்துக்குப் பின்னால லேசாத் தாங்குவாரு. சூடு ஏறும், கைய எடுக்க மாட்டாரு. குழந்த பிடரியத் தாங்கற மாதிரிதான். மரத்தோட சத்தம் மாறும் சார். மொதல்ல தடதடங்கும். அப்பறம் உஸ்ஸுங்கும். அந்தச் சத்தத்துலயே அவருக்குத் தெரியும், இதுக்கு மேல உளி வெக்கக் கூடாதுன்னு. செதிலு நூலு மாதிரி வந்து கைமேல விழும். ஈட்டி மரம்னா ஒரு வாசன வரும், வெல்லம் காயற மாதிரி. அது வந்துச்சுன்னா அவரு மெஷின நிறுத்திட்டுக் கொஞ்ச நேரம் சும்மா நிப்பாரு. வேற ஒண்ணுக்கும் இல்ல, அதுக்குத்தான். ஒவ்வொண்ணையும் அனுப்பறப்ப, இது எந்த மேஜைக்குப் போவுதோ, யாரு கைல படுதோன்னு நெனச்சுப்பாரு. ஒருத்தராவது வந்து சொல்லுவாங்களான்னு இருந்தாரு. யாரும் வரல. போய்ட்டாரு."

சொன்னதில் ஒரு சொல்கூட நடிப்பில்லை. ஹாலில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. கீழே இறங்கியதும் மேனேஜர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஒரே தொழில்ல இருந்துகிட்டு இன்னொருத்தரை இப்படி மனசாரப் புகழ யாரால முடியும்? உங்களுக்குப் பொறாமைங்கறதே கிடையாது சார்." அப்புறம் குரலைத் தாழ்த்தி, "தப்பா நினைக்காதீங்க. வேற கத்தி இனிமே வாங்கறதா இல்ல. அவர் கத்தி இருந்த இடத்துல இன்னொண்ணை வைக்க யாருக்கும் மனசு வரல" என்றார்.

செத்தும் அவன் என்னைப் பிழைக்க விடவில்லை. தாம்பரம் பஸ்ஸில் ஏறி உட்காரும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு வந்தேன். உட்கார்ந்த பிறகுதான் என் மனைவியைப் பார்த்தேன். கண்ணெல்லாம் சிவந்து, முந்தானை நனைந்திருந்தது.

"யாருக்குடி அழுத?"

"அந்த மனுசனுக்குத்தான்."

"அடியே, அப்டி ஒரு மனுசனே கெடையாதுடி!"

"அது எனக்குத் தெரியாதா?" என்றாள். "கைல சூடு ஏறும்னு சொன்ன. சத்தம் மாறும்னு சொன்ன. வாசனைக்கோசரம் நிறுத்திட்டு நிப்பாருன்னு சொன்ன. இத்தினி வருசமா உன் துணில தூசியத் தட்டித் தட்டித் தோச்சிகினு கீறேன். எங்கிட்ட ஒரு நாளாவது இதெல்லாம் பேசிகிறியா? அவரா இருந்தா பொண்டாட்டிகிட்ட சொல்லியிருப்பாரு."

ஜன்னல் பக்கம் திரும்பி மறுபடியும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் போனால் இவள் இப்படி அழுவாளா என்று நினைத்தபடி, அவன்மேல் வயிறு எரிய, பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.